குரும்பை இருபத்தெட்டு, கெட்டது முப்பது

“தஹ ஹத! தஹ ஹத!”

வெள்ளவத்தையில் ஒரு தென்னந்தோட்டம். அதில் ஒரு மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கோடரியோடு நின்ற ஐந்து பேரைப் பார்த்து நான் இப்படிக் கத்திக்கொண்டிருந்தேன். சிங்களத்தில் அதற்குப் ‘பதினேழு’ என்று அர்த்தம். ‘வெட்டாதே’ என்பதற்குச் சிங்களம் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எண்கள்தான்.

கோடரிக்காரர்களின் தலைவன் என் முகத்தைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். பிறகு மிக மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு விரல் நீட்டி மரங்களை எண்ணத் தொடங்கினான். பதினேழு மரம் வெட்டச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான் பாவி!

போன கிழமை எங்கள் சமறியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, கலியாணமாகாத எட்டுப் பேர் ஒரு வீட்டையும் ஒரு கிணற்றையும் பங்குபோட்டு வாழ்ந்த கதை? அதை வாசித்துவிட்டு என் மனைவி, “மூட்டைப்பூச்சிக்கு ஒரு முழு அத்தியாயம். பதினேழைப் பற்றி எழுத மட்டும் வெக்கமோ?” என்று கேட்டாள்.

வெட்கம்தான். ஆனாலும் எழுதுகிறேன். இல்லாவிட்டால் வீட்டில் சோறு தண்ணி கிடையாது.

வாலுள்ள நட்டு

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கப்பலேறிவிட்டார்கள்; கூப்பன் அரிசி மட்டும் போக மறுத்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு கொப்பரா ஸ்டோரில் கிளாக்கராகச் சேர்ந்திருந்தேன். ஸ்டோர் இருந்த ஒழுங்கைக்குள் கால் வைத்தால் கொப்பராவும் கடல் காற்றும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். சட்டையைத் தோய்த்தாலும் அது போகாது. பின்னேரம் ரயிலில் என் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் எனக்கு எப்போதும் இடம் கிடைத்தது.

முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, சின்னச் சிரிப்பு. ஆனால் பொய்யை மட்டும் பொறுக்க மாட்டார். வேலைக்கு எடுக்கும்போது என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“ஒனக்கு சிங்களம் தெரியுமா தம்பி?”

“ஓம், நல்லாத் தெரியும்.”

அந்த ‘ஓம்’ ஒன்றுதான் இந்தக் கதைக்கு மூலம். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் ஒன்றிலிருந்து நூறு வரை சிங்களத்தில் எண்ணப் பழகியிருந்தேன். அதுதான் என் ‘நல்லா’.

பொய் சொல்ல ஒரு காரணமும் இருந்தது. ஊரில் எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் பெயர் பவளம். கோயில் வீதியில் இருபது யார் தூரத்தில் பார்த்ததுதான், குரல்கூடக் கேட்டதில்லை. பெண்ணின் தகப்பன் ரோட்டு வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர். கொழும்பில் வேலை நிரந்தரமானால் ஆவணியில் கலியாணம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர். பார்த்தது இருபது யார் தூரமென்றாலும், எனக்குப் பவளம்தான் வேண்டும். அப்போதே வேண்டும்.

ஒரு நாள் ஹாஜியார் ஒரு பழைய இங்கிலீஷ் சஞ்சிகையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விட்டுப்போனதாம். “இதுல மரம் படம் ஈக்கி. என்னா செல்லுதெண்டு வாசி.”

வாசித்தேன். எங்கேயோ குளிர் நாட்டில் ஒருவர் வால்நட் மரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு, ஒவ்வொரு மரத்தின் கொட்டையையும் உடைத்து, ஓடு எவ்வளவு மெல்லியது, பருப்பு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்து, மிகச் சிறந்த மரங்களை மட்டும் விதைக்கு எடுக்கிறாராம்.

“வால்நட்டா? வாலுள்ள நட்டா?” என்றார் ஹாஜியார். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “அட, இது அக்ரோட்டு! பம்பாய் யாவாரிமார் கொண்டு வாற சாமான். இதுக்கே இவ்வளவு மெனக்கெடுறானெண்டா, நம்மட தேங்காய்க்கு என்னா கொறச்சல்?” என்றார்.

அவருக்கு வெள்ளவத்தையில் நாற்பத்திரண்டு தென்னைகள் நின்ற ஒரு காணி இருந்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வீடு கட்டப் போகிறார்கள். மரங்கள் எல்லாம் விழப்போகின்றன. சிலாபத்துக்கு அப்பால் புதிதாக ஒரு பெரிய நிலம் வாங்கியிருந்தார். விழுமுன் நாற்பத்திரண்டில் மிகச் சிறந்த மூன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மூன்றையும் வெட்டாமல் விட்டு, அவற்றின் முற்றிய காய்களை விதைத்து முழுச் சிலாபத் தோட்டத்தையும் உண்டாக்க வேண்டும். பொறுப்பு என் தலையில்.

தென்னைக்குப் பேர்போன தென்மராட்சிக்காரனுக்குத் தேங்காயைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை என்று வெளியே வந்து சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பொல்லும் பொல்லும்

மரம் ஏறுகிறவர் ஜெமிஸ். நாற்பது வயதிருக்கும். அந்தக் காணி மரங்களில் பதினெட்டு வருடமாக ஏறி இறங்கியவர். அவரை எல்லாரும் ‘ஜெமிஸ் அய்யே’ என்பார்கள். சிங்களத்தில் அண்ணன் என்று பொருள். மரமேறுகிறவரை நான் ‘ஐயா’ என்று கூப்பிடுவதாகச் சமறியில் ஒரு வாரம் கேலி நடந்தது.

முதல் நாள் அவர் மரத்தடியில் நின்று, “மாத்தயா, பொல் கேன்ன!” என்றார். தூரத்தில் குவிந்துகிடந்த ஏதோ ஒன்றைக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. பாம்பு! பாய்ந்தோடி வேலியிலிருந்து ஒரு நல்ல பொல்லாகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

சிங்களத்தில் ‘பொல்’ என்றால் தேங்காய், எங்கள் பொல்லுத் தடி அல்ல; ‘கேன்ன’ என்றால் கொண்டு வா. ஜெமிஸ் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! இனி இந்த மனிதனிடம் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். இளம் வயதில் ரோஷத்துக்கு மட்டும் குறைவே இல்லை.

அடுத்த நாள் மரங்களுக்குத் தாரினால் நம்பர் போட்டோம். வால்நட் கட்டுரையைப் பார்த்தே கொப்பியில் மூன்று பத்தி கோடிட்டேன்: நல்லது, குரும்பை, கெட்டது. குரும்பை என்றால் நம் பக்கத்தில் பூவிலிருந்து அப்போதுதான் திரண்ட பிஞ்சு, பெருவிரலளவு. பாதிக்கு மேல் கொட்டிப் போய்விடும். குழந்தைகள் ஈர்க்குக் குத்தித் தேர் செய்து விளையாடுவது.

ஜெமிஸ் காலில் தளைநாரைப் போட்டுக்கொண்டு ஏறுவார். உச்சி வட்டுக்குள் இருந்து எண்ணிக் கத்துவார். நான் கீழே எழுதுவேன். மரத்தை நிமிர்ந்து பார்த்தேனா என்று கேட்காதீர்கள். தேங்காய் தலையில் விழுந்தால் ஆவணிக்கு மாப்பிள்ளை இருக்க மாட்டான் என்ற பயத்தில், தள்ளி இருந்து குடையை விரித்துப் பிடித்திருந்தேன்.

பதினேழாம் நம்பர் மரத்தில் கேட்டது இது: “பொல் தஹாய்! குரும்பா விஸி அட்டாய்! கெட திஹாய்!”

பொல் பத்து. இனி அது எனக்குத் தெரியாதா? நல்லது பத்து என்று எழுதினேன். குரும்பை இருபத்தெட்டு. கெட்டது முப்பது. அட, இந்த மனிதன் எனக்காகக் கஷ்டப்பட்டுத் தமிழில் அல்லவா சொல்கிறான் என்று என் மனம்கூடக் கொஞ்சம் இளகியது.

கெட்ட காய் முப்பது! எவ்வளவு கேடுகெட்ட மரம் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன்.

நாலாம் நம்பருக்கு நல்லது பதினாலு, குரும்பை ஆறு, கெட்டது நாலு. அதன் காய்கள் ஒவ்வொன்றும் பானை பருமன். ஹாஜியாருக்கும் அந்த மரத்தில் ஒரு கண். கெட்டது மிகக் குறைந்த மூன்று மரங்களைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன், நாலு முதலாவது. கொப்பியைப் பார்த்து அவர், “சபாஷ் தம்பி” என்றார். கட்டுரையில் சொன்னபடி காயை உடைத்துப் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவே ஓவசியருக்குக் கடிதம் எழுதினேன், ஆவணி நிச்சயம் என்று.

ஒரு மிடறு

வெட்டுகிறவர்கள் வந்த நாள் காலை, மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போனேன். மூன்று மரத்துக்கு இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் வெட்டச் சொல்லி ஒரு வளையம். கால்வாய்ப் பக்கத்து அடுத்த காணியில் ஏற்கெனவே கோடரிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மரம் விழும்போதும் காலடி நிலம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

பதினேழுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது ஜெமிஸ் வந்தார். என் கையிலிருந்த சுண்ணாம்புத் தும்புக் கட்டையைப் பார்த்தார். முகம் செத்துப் போயிற்று. என்னவோ கேட்டார், நீளமாக. விளங்காவிட்டாலும் விளங்கியதுபோலத் தலையாட்டி, கொப்பியைத் திறந்து காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. எண் தெரியும். முப்பதில் விரலை வைத்து, வானத்தைப் பார்த்து, கையை விரித்தார். பிறகு மரத்தில் ஏறினார்.

தொப்பென்று ஒன்று விழுந்தது. இறங்கி வந்து, அதைக் கத்தியால் இரண்டு வெட்டில் சீவி என் கையில் தந்தார். பச்சை இளநீர். ஒரு மிடறு குடித்தேன். அப்படியொரு இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்து முடித்தேன்.

“குரும்பா” என்றார் ஜெமிஸ், என் கையிலிருந்த இளநீரைத் தட்டி.

“இது இளநீர்” என்றேன் நான்.

“குரும்பா, மாத்தயா. குரும்பா!”

பிறகு குனிந்து, மணலில் கிடந்த பெருவிரலளவு பிஞ்சு ஒன்றைப் பொறுக்கி என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். “கெட” என்றார்.

ஐயோ, கடவுளே! சிங்களத்தில் குரும்பா என்றால் இளநீர். கெட என்றால் பிஞ்சு. அந்த மரத்தில் கெட்ட காய் ஒன்றுகூட இல்லை. பத்துத் தேங்காய், இருபத்தெட்டு இளநீர், வரப்போகிற முப்பது பிஞ்சு! நிமிர்ந்து பார்த்தேன், குடை இல்லாமல், முதல் தடவையாக. வட்டைச் சுற்றிக் குலைமேல் குலையாக இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. நாற்பத்திரண்டிலும் தலைசிறந்த மரத்துக்கு நான் என் கையாலே சுண்ணாம்பு அடித்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோடரிக்காரர்கள் வந்தார்கள். பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். மரத்தைக் கட்டிப் பிடித்தேன், பதினேழு பதினேழு என்று கத்தினேன், தலைவன் எண்ணத் தொடங்கினான். ஜெமிஸ் இடையில் பாய்ந்து ஏழெட்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். ஐந்து பேரும் கோடரியைக் கீழே வைத்துவிட்டு ஆற அமர வெற்றிலை போட்டார்கள். முதலாளி வந்து சொல்லட்டும், மத்தியானம் வரை பொறுப்போம் என்றார்களாம்.

முதலாளிக்கு என்ன சொல்வது? ‘பிழையாகக் கேட்டுவிட்டேன்’ என்றால், ‘சிங்களம் தெரியுமெண்டியே’ என்பார். பொய் வெளிவந்தால் வேலை போகும். வேலை போனால் பவளம் போய்விடுவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மரம் மட்டும்தான் போகும். தென்னைதானே, யாருக்குத் தெரியப் போகிறது?

ஜெமிஸுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பொல்லுக்கு அவ்வளவு சிரித்த மனிதர், இன்றைக்கு நான் அடித்த சுண்ணாம்பைத் தன் சாரத்தின் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஜெமிஸ் அய்யே, வாருங்கோ” என்றேன். நாலில் இரண்டு காய், பதினேழில் இரண்டு காய் சாக்கில் போட்டுக்கொண்டு ரயிலேறினோம்.

உடைத்துப் பார்த்தால்

ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். குரும்பையை, கெட்டதை, உடைக்காமல் விட்டதை, கடைசியில் அந்த ‘ஓம், நல்லாத் தெரியும்’ பொய்யை.

அவர் சாக்கைக் காட்டி, “ஒடை” என்றார்.

ஜெமிஸ் ஸ்டோரில் நட்டிருந்த அலவாங்குக் கம்பியில் காய்களை உரித்தார். நாலாம் நம்பரில் பொச்சுமட்டை உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. பானை பருமன் காய்க்குள்ளிருந்து கடைசியில் வந்தது சின்னத் தேங்காய் ஒன்று. உடைத்தால் பருப்பு மெல்லியது. பதினேழு வெளியே பார்க்கச் சின்னக் காய்தான். ஆனால் பொச்சு இரண்டே இழுப்பில் கழன்றுவிட்டது. உருண்டையான தேங்காய், மெல்லிய சிரட்டை, உள்ளே தடித்த வெள்ளைப் பருப்பு. மற்ற இரண்டு காய்களும் அப்படியே. தராசில் போட்டதும் நாலாம் நம்பரின் தட்டு மேலே போய்விட்டது.

ஹாஜியார் பதினேழின் பருப்பில் நகத்தை அழுத்திப் பார்த்தார். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். “பத்து வருஷமா அந்த நாலாம் நம்பர நானும் வெளியால பாத்துத்தான் ஏமாந்தீக்கிறன்” என்றார். எனக்கு மூச்சு வந்தது.

“ஆனா, சிங்களம் தெரியாத கிளாக்கர் எனக்கு வேணாம்.”

வந்த மூச்சு நின்றது.

“பதினேழ வெட்ட வேணாம். நாப்பத்திரெண்டையும் திரும்ப எண்ணு, இந்த முற ஒடச்சிப் பாரு. அந்த இருவத்தெட்டுக் குரும்பாவும் முத்தி வெதைக்கு வர ஆறு மாசம் ஈக்கி. அது வரைக்கும் ஒவ்வொரு சனிக்கெழமையும் ஜெமிஸ்கிட்ட சிங்களம் படி. காய் முத்துற நேரம் வந்து எனக்கிட்ட சிங்களத்துல கத. அது வரைக்கும் ஒன்ட வேலையும் பிஞ்சுதான்.”

ஜெமிஸுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னார். ஜெமிஸ் என் முதுகில் ஒன்று போட்டு, “கெட மாத்தயா!” என்றார். பிஞ்சுத் துரை! சாகும்வரை அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

முத்திய பிறகு

ஓவசியருக்கு மறுபடி எழுதினேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை, ஒரு பொய் போதும். வந்த பதில் மூன்று வரி. ‘தேங்காய் முற்றட்டும் என்று கலியாணத்தைத் தள்ளிவைக்கிற மாப்பிள்ளையை என் சீவியத்தில் கேள்விப்படவில்லை. உம்முடைய கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். தை மாதம் வரை பொறுக்கலாம் என்று இங்கே அபிப்பிராயம்.’ யாருடைய அபிப்பிராயம் என்று எழுதவில்லை. அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

மார்கழியில் காய்கள் முற்றின. இருபத்தெட்டில் ஒன்றை நான் குடித்தது போக இருபத்தேழு. ஜெமிஸ் ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார். ஹாஜியாரோடு அரை மணித்தியாலம் சிங்களத்தில் கதைத்தேன். “ஜெமிஸ்ட தூசணமும் சேத்துப் படிச்சீக்கிறா” என்று சிரித்தபடி வேலையை நிரந்தரமாக்கினார். கலியாணப் பரிசாக ஒரு காயை எடுத்து, அதில் தாரினால் 17 என்று தானே எழுதித் தந்தார். “பொண்ணு ஊட்டுல நடு.”

தையில் பவளத்தின் வீட்டு முற்றத்துப் பந்தலில் கலியாணம். அந்தக் காயை மற்றப் பரிசுகளோடு மணவறைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்திருந்தேன். பவளம் தலை குனிந்து இருந்தாள். பெண் அன்றைக்குத் தலை நிமிரக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. அந்தக் காலத்து ஒழுங்கு அது.

தாலி கட்டும் நேரம். கையில் தாலியை எடுத்துவிட்டேன். தாலி ஏறும்போது உடைக்கவென்று உரித்து வைத்திருந்த தேங்காயைக் காணவில்லை, சமையல்காரர் துருவிவிட்டார்! “தேங்காய், தேங்காய்!” என்று ஒரே அமளி. ஐயர் முகூர்த்தம் போகுது என்கிறார். பவளத்தின் தாய்மாமன் சுற்றிப் பார்த்தார். என் காய் அகப்பட்டது. தூக்கி நிலத்தில் வைத்து, பொச்சில் கத்தியை ஓங்கினார். என் இரண்டு கையிலும் தாலி. எனக்கு வாயே வரவில்லை.

“ஐயோ மாமா, அதிலை கத்தி வையாதேங்கோ! அது பதினேழு!”

மேளம் நின்றுவிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். பவளம் தலையை நிமிர்த்தி, கையை நீட்டி, பந்தலே கேட்கக் கத்தியிருந்தாள். அவளுடைய குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

கிழவி ஒருத்தி மட்டும் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்: “என்னடி, பொம்பிளைக்கு இருபதெண்டெல்லோ சொன்னவை?”